ஆறாவது வசனம்

சாலிகிராமத்தில், ஆட்டோ திரும்ப இடமில்லாத ஒரு சந்தின் கடைசியில், ஆறு போர்ஷன்களும் வெறும் காற்றை மட்டுமே இறைக்கும் ஓர் அடிபம்பும் கொண்ட காம்பவுண்டு ஒன்றில், தாட்சாயணியின் குரல் ஒரு பொம்மையிலிருந்து வர ஆரம்பித்தபோது யாரும் பெரிதாக ஆச்சரியப்படவில்லை. அந்த வாரம் முழுக்கத் தண்ணி லாரி வரவில்லை, ஆச்சரியப்படும் தெம்பு யாரிடமும் மிச்சமில்லை. வாசலில் பிளாஸ்டிக் குடங்கள் வரிசையாகக் காய்ந்துகொண்டிருந்தன. முதல் போர்ஷன் பாண்டுரங்கன், லிஃப்ட் ஆப்பரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவர், தண்ணி விஷயத்தில் காம்பவுண்டுக்கே நீதிபதி, போனைக் காதில் வைத்துக்கொண்டு லாரி ஆபீஸ்காரனிடம் கெஞ்சிக்கொண்டிருந்தார். வரிசையின் நடுவில் நின்ற தாட்சாயணி லாரி எங்கே தொலைந்தது என்று மனசுக்குள் நினைத்தாள், அவ்வளவுதான், அவள் வீட்டு ஜன்னல் மாடத்தில் பழைய டப்பாவுக்குள் நின்றிருந்த பொம்மை அதைச் சொல்லிவிட்டது.

"என் மக்கள் தாகத்தோடு நிற்கிறார்கள். உன் ரதம் எங்கே தங்கிவிட்டது?"

பாண்டுரங்கன் ஒரு கணம் ஜன்னலைப் பார்த்தார். பிறகு போனை ஜன்னல் பக்கமாக நீட்டிப் பிடித்தார். பொம்மை இன்னும் இரண்டு வாக்கியம் பேசியது. லாரி அரைமணியில் வந்தது.

தாட்சாயணி டப்பிங் பேசியவள். வடக்கே எடுத்த தொடர்களில் நகையும் கண்மையுமாக வந்து நின்ற பெண்களின் வாயசைவுக்குத் தமிழ் கொடுப்பதே அவள் பிழைப்பாக இருந்தது, அவள் பெயர் எந்தத் தொடரின் முடிவிலும் ஓடியதில்லை, ஓட வேண்டும் என்று அவள் கேட்டதுமில்லை. அதில் ஒன்றுதான் 'ஏழு வாசல் கோட்டை'. அதன் ராணி அக்னிமேகலைக்கு ஒரு சாபம்: அவள் அழுதால் ஒவ்வொரு சொட்டுக்கும் கோட்டையின் ஒரு வாசல் எதிரிக்குத் திறந்துவிடும். அதனால் அவள் கணவன் செத்தபோதும் அழவில்லை, பிள்ளையைப் பாம்பு கடித்தபோதும் அழவில்லை, ஞாயிற்றுக்கிழமை காலைகளில் ஊரே அவள் அழாமலிருப்பதைப் பார்த்து அழுதது. தொடர் சக்கைப்போடு போட்ட காலத்தில் ஒரு கம்பெனி ராணியைப் பொம்மையாகச் செய்தது, முதுகில் பொத்தானை அழுத்தினால் தமிழில் ஆறு வசனம் பேசும் பொம்மை. வசனம் பேசிக் கொடுத்ததற்கு நினைவாகத் தாட்சாயணிக்கும் ஒன்றைக் கொடுத்தார்கள். அவள் அதைப் பேசவைத்துக் கேட்டதேயில்லை. அக்கா வேதவல்லி அன்றைக்கே, செல் ஊறிப்போய் பொம்மையைக் கெடுத்துடும்டி என்று சொல்லி, பேட்டரி செல்லைக் கழற்றி வீசிவிட்டாள். தன் குரலைத் தானே கேட்க யார் பொத்தான் அழுத்தப்போகிறார்கள் என்று தாட்சாயணியும் டப்பாவை மூடி வைத்துவிட்டாள்.

அந்தக் காலத்தில் வேதவல்லி அக்காதான் தங்கைக்குத் துணை. கல்யாணம் ஆகாத பெண் ஸ்டுடியோ ஸ்டுடியோவாகப் போய் வருகிறாளே என்று கூடவே கிளம்பி வந்து, ஃபிளாஸ்கில் சீரகத் தண்ணியோடு வெளி வராந்தாவில் உட்கார்ந்திருப்பாள். பிறகு அவள் மகனோடு திருத்தணிக்குப் போய்விட்டாள். பிறகு தாட்சாயணிக்குத் தொண்டையில் கட்டி வந்தது, குரல்வளையை எடுத்துவிட்டார்கள், கழுத்தில் ஒரு துளையும் அதன்மேல் ஒரு வெள்ளைத் துணியும் மிஞ்சின. குரலோடு சேர்த்து வேறு எதையோ கூட எடுத்துவிட்டார்கள் போலிருந்தது. ஆஸ்பத்திரி சீட்டில் அதைப் பற்றி ஒன்றும் எழுதியிருக்கவில்லை. சாப்பாடு சாப்பாடாக உள்ளே போனது, தூக்கம் தூக்கமாக வந்தது, நல்ல செய்தியும் கெட்ட செய்தியும் பக்கத்து வீட்டு டிவி சத்தம் மாதிரி கேட்டு அடங்கின. வாடகை குறைவு என்று இந்தக் காம்பவுண்டுக்கு மாறி வந்தபோது அவள் ஏற்கெனவே ஊமை. இங்கே யாரும் அவள் பேசிக் கேட்டதில்லை.

ஆகவே பொம்மையின் குரலே அவள் குரலாயிற்று. அவள் நினைப்பதைப் பொம்மை சொன்னது, ஆனால் ராணியின் குரலில், ராணியின் தமிழில். வெங்காயம் அழுகலாக இருக்கிறது என்று அவள் நினைத்தால், "உன் கூடையில் துரோகம் நாறுகிறது" என்றது. காய்க்காரர் சங்கடப்பட்டு வேறு வெங்காயம் பொறுக்கிப் போட்டார், அப்புறம் பழகிவிட்டார், பொம்மை கூப்பிடுவதற்கு முன்னாலேயே நல்லதாக எடுத்து வைக்க ஆரம்பித்தார். எதிர் போர்ஷன் மெர்லின், தையல் மிஷின் வைத்திருப்பவள், பொம்மை தலையை வெளியே நீட்டிக்கொண்டு வரத் தோதாக ஒரு பை தைத்துக் கொடுத்தாள். கரண்ட் போனால் மின்வாரியத்துக்குப் பொம்மைதான் பேசியது. வீட்டுக்காரர் வாடகையை ஏற்றுவதற்காக வந்தபோது பொம்மை அவரைப் படியிலேயே நிறுத்தி வைத்துக் குலம் கோத்திரம் விசாரித்தது, அவர் வந்த காரியத்தை மறந்து திரும்பிப் போனார். ஆடி மாதம் அம்மன் கோயில் கூழ் ஊற்றும் அறிவிப்பையும் மைக் முன்னால் பொம்மையைத் தூக்கிப் பிடித்துச் சொல்லவைத்தார்கள், பக்கத்துத் தெருவிலிருந்தெல்லாம் ஜனம் பாத்திரத்தோடு வந்து கூழ் பற்றாமல் போயிற்று.

காம்பவுண்டில் ஒரே ஒரு விவகாரம்தான் கொஞ்சம் இழுத்தது. தலைக்கு இவ்வளவு என்று குடம் கணக்கு உண்டு. பொம்மையை ஒரு தலையாகச் சேர்ப்பதா வேண்டாமா என்று ஒருவர் ஆரம்பித்து வைக்க, பொம்மை செய்யும் உபகாரத்துக்கு ஒரு குடம் கூடக் கொடுக்கலாம் என்று மெர்லினும், அப்படியானால் எங்கள் வீட்டு ரேடியோவுக்கும் குடம் வேண்டும் என்று மற்றவர்களும் கிளம்பினார்கள். பாண்டுரங்கன் எல்லோரையும் கேட்டுவிட்டுக் கடைசியில் தீர்ப்புச் சொன்னார்.

"பேசுறது குரலு. குரலுக்குத் தாகம் எடுக்காது. அதனால ஒரு குடம்தான்."

தாட்சாயணிக்கு அதிலும் வருத்தமில்லை. அவளுக்கு இருந்த ஒரே வேலை வாய் பொருத்துவது. ஆயுசு முழுக்க அடுத்தவர் உதட்டுக்குத் தன் குரலைப் பொருத்தியவள், இப்போது பொம்மையின் குரலுக்குத் தன் உதட்டைப் பொருத்தினாள். யாரும் கேட்கவில்லை, ஆனாலும் ஒரு 'ப'வுக்கு உதடு மூடாமல் போனால் அவளால் பொறுத்துக்கொள்ள முடியாது, தொழில் புத்தி அப்படி. அவள் அதை அவ்வளவு சுத்தமாகச் செய்ததால் புதிதாக வந்தவர்கள் அவள்தான் பேசுகிறாள் என்றே நம்பினார்கள். தெரிந்தவர்களோ மெல்ல மெல்ல அவளைப் பார்ப்பதை விட்டுவிட்டுப் பையைப் பார்த்துப் பேச ஆரம்பித்தார்கள். குழந்தைகள் அவளைப் பொம்மை தூக்குற அம்மா என்றார்கள்.

வேதவல்லி அக்கா செத்த செய்தி வந்தபோது அவள் அரிசி களைந்துகொண்டிருந்தாள். களைந்து முடித்து, உலை வைத்து, இறக்கி, சாப்பிட்டுவிட்டுத் திருத்தணிக்குப் பஸ் ஏறினாள். பையில் பொம்மை. அங்கே எல்லோரும் மாரில் அடித்துக்கொண்டு அழுதார்கள். இவள் தலைமாட்டில் நின்று, அக்காவின் மூக்குத்தியைக் கழற்றிவிட்டார்களா என்று பார்த்தாள், சாமந்தி வாடியிருப்பதைப் பார்த்தாள், அழவேண்டும் என்று மட்டும் அவளுக்குத் தெரிந்திருந்தது. ராணிக்கோ அழத் தெரியாது. தொடர் முழுக்க ஒரு விம்மல்கூட அந்தக் குரலில் பதிவாகவில்லை. பொம்மை பையிலிருந்து கணீரென்று முழங்கியது: "மண்ணே, வழி விடு. என் குலத்தின் மூத்த வாள் உறைக்குத் திரும்புகிறது." ஒப்பாரி அப்படியே நின்றது. ஒரு பெரியவர் தோளிலிருந்து துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார். இப்படி ஒரு வழியனுப்பு எந்த மகராசிக்குக் கிடைக்கும் என்று சொந்தக்காரர்கள் ரொம்ப நாள் பேசிக்கொண்டார்கள். தாட்சாயணி உதட்டைப் பிசகாமல் பொருத்தி முடித்து, கை கால் கழுவிக்கொண்டு, சாயங்கால பஸ்ஸில் திரும்பினாள்.

அதற்கப்புறம்தான் அவளுக்கு உதடு வலிக்க ஆரம்பித்தது. வலி என்றுகூடச் சொல்ல முடியாது, ஒரு சலிப்பு. பொம்மையை விற்றுவிட்டுப் பேசாமலே இருந்துவிட்டால் என்ன என்று தோன்றியது. தோன்றியதுதான் தாமதம், தண்ணி வரிசையில் எல்லோர் முன்னாலும் பொம்மை அறிவித்துவிட்டது: "நான் இந்தக் கோட்டையை விட்டுப் போகிறேன். என்னை விற்றுவிட முடிவாகிவிட்டது."

காம்பவுண்டு கலங்கிப்போனது. மெர்லின் வந்து பையின் வாயைப் பிடித்துக்கொண்டு, நாங்க என்ன குறை வச்சோம் என்று பொம்மையிடம் கேட்டாள். பாண்டுரங்கன் மின்வாரியத்துக்கு இனி யார் பேசுவது என்றார். நீ எப்படி இருப்பே என்று தாட்சாயணியிடம் கேட்க ஒருவருக்கும் தோன்றவில்லை, தோன்றவில்லையே என்று அவளும் நினைக்கவில்லை. பொம்மை போனால் குரல் போகும், அவ்வளவுதானே. ஒரு தடவை போனதுதான்.

பழைய பொம்மைகளை மதிப்பிடுகிறவர் என்று இலியாஸ் என்பவரை மெர்லினின் கொழுந்தன் வழியாகக் கண்டுபிடித்தார்கள். ஐஸ் ஹவுஸ் பகுதிக்காரர், மெல்லிய ஆள், செருப்பை வாசலில் ஜோடி சேர்த்துக் கழற்றிவிட்டு வந்தார். ஜமக்காளத்தில் வெள்ளைத் துணி விரித்து, கையில் நூல் உறை மாட்டிக்கொண்டு, பூதக்கண்ணாடி, சின்ன டார்ச், தபாலாபீஸ் தராசு மாதிரி ஒன்று எல்லாவற்றையும் எடுத்து வைத்தபோது, வாசலையும் ஜன்னலையும் காம்பவுண்டு ஜனம் அடைத்துக்கொண்டு நின்றது. பொம்மை தானாகப் பேசும் என்பதை மெர்லின் கொஞ்சம் பெருமையாகவே சொன்னாள். இலியாஸ் அதற்குத் தலையாட்டினார்.

"டப்பாவுல ஆறு வசனம்னுதான் போட்டிருக்குங்க மேடம். அதுக்கு மேல பேசினா கோளாறுலதான் சேரும்."

பிறகு அவர் பார்க்கத் தொடங்கினார், டப்பாவின் நான்கு மூலைகளையும், மஞ்சளேறிய பிளாஸ்டிக் முகப்பையும், ராணியின் மூக்கு நுனியில் வண்ணம் தேய்ந்திருக்கிறதா என்பதையும், முழங்கையும் முழங்காலும் இறுக்கமாக மடங்குகின்றனவா என்பதையும், மேலாடையின் ஜரிகையில் நூல் பிரிந்திருக்கிறதா என்பதையும். இடுப்பு ஒட்டியாணத்தில் ஏழு வாசலுக்கு ஏழு குட்டிச் சாவிகள் உண்டு; வேறு எந்தப் பொம்மையிலும் பாதிச் சாவி தொலைந்திருக்கும், இதில் ஏழும் இருந்தன. அதைப் பார்த்ததும் இலியாஸ் பூதக்கண்ணாடியைக் கீழே வைத்துவிட்டு மறுபடியும் ஒன்றிலிருந்து எண்ணினார். பாதத்தின் அடியில் இருந்த முத்திரையைப் படித்ததும் அவர் குரல் தணிந்துவிட்டது. இது முதல் தொகுப்பில் வந்த பொம்மை, அதில் சிலவற்றில் கம்பெனிக்காரர்கள் ஆறாவது வசனத்தைத் தப்பாகப் பதிந்துவிட்டார்கள், கண்டுபிடித்துத் திருத்துவதற்குள் கொஞ்சம் வெளியே போய்விட்டது, சேகரிக்கிறவர்கள் வருஷக்கணக்கில் தேடுவது அந்தத் தப்பு உள்ள பொம்மையைத்தான் என்று விளக்கினார்.

"சரியா இருந்தா ஒரு விலை மேடம். தப்பா இருந்தா, எங்க ஆளுங்க வீட்டை அடமானம் வெச்சாவது வாங்குவாங்க. அந்த ஆறாவதுல ராணி பேசமாட்டா. வேற யாரோ பேசுறாங்க. யாருன்னு இதுவரைக்கும் ஒருத்தருக்கும் தெரியாது."

தாட்சாயணிக்கும் தெரியவில்லை. அவள் சுவரில் சாய்ந்து நின்று, இந்தக் கூட்டம் கலைந்ததும் மதியத்துக்கு என்ன வைப்பது என்று யோசித்துக்கொண்டிருந்தாள். ரசம் போதும் என்று பொம்மை ராஜ தோரணையில் சொன்னது. இலியாஸ் அதன் முதுகுத் தகட்டைக் கழற்றி, உள்ளே துருவோ பூஞ்சையோ இல்லையென்று டார்ச் அடித்துப் பார்த்து, யாரோ புத்தியாக அன்றைக்கே செல்லை எடுத்துவிட்டிருக்கிறார்கள் என்று மெச்சிக்கொண்டே புதுச் செல்களைப் போட்டார். போட்டதும் பொம்மை அடங்கியது. அது பேச ஆரம்பித்ததிலிருந்து முதல் தடவையாக அந்த அறையில் அதன் குரல் யாருடைய நினைப்புக்கும் கட்டுப்படாமல் காத்திருந்தது.

அவர் பொத்தானை அழுத்தினார். "எழுந்து நில்" என்றது பொம்மை. தாட்சாயணியின் உதடு தன் பாட்டுக்குப் பொருந்தியது. அடுத்து, "மண்டியிட என் குலத்துக்கு முழங்கால் இல்லை." பொருந்தியது. மூன்றாவது, நான்காவது, ஐந்தாவது, எல்லாம் கம்பெனி டப்பாவில் அச்சடித்தபடியே, எல்லாவற்றுக்கும் அவள் உதடு பாதித் தூக்கத்தில் செய்கிற வேலை போலப் பிசகாமல் பொருந்தியது. ஆறாவது தடவை அழுத்தியபோது முதலில் ஒரு நாற்காலி கிறீச்சிட்டது. காகிதம் புரளும் சத்தம். யாரோ தொண்டையைச் செருமிக்கொண்டார்கள்.

"ஒரு நிமிஷம் இருங்க தம்பி, தொண்டை கட்டுது. வெளியில எங்க அக்கா தண்ணி வெச்சிக்கிட்டு நிக்கிறா. குடிச்சிட்டு வந்துடறேன்."

இலியாஸ் கண்ணை மூடிக்கொண்டார். ஜன்னலில் நின்ற ஜனம் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டது. கொஞ்சம் மூக்கால் பேசுகிற, கொஞ்சம் அவசரப்படுகிற, பக்கத்து வீட்டில் சர்க்கரை கேட்டு வரக்கூடிய ஒரு சாதாரணப் பெண்ணின் குரல் அது.

"யாருக்கா இது பேசுறது?" என்று மெர்லின் கேட்டாள். வழக்கப்படி பொம்மையைப் பார்த்துத்தான் கேட்டாள்.

தாட்சாயணியின் உதடு அசைந்தது, ஆனால் பொருந்தவில்லை. இத்தனை வருஷத்தில் முதன்முறையாக அவளுக்கு வாய் தவறிப்போனது, அதுவும் தன் சொந்தப் பேச்சுக்கு. 'அக்கா'வுக்குத் திறந்த வாய் மூடவில்லை. அந்த வராந்தாவும், பாதி இருட்டில் ஸ்டூலில் உட்கார்ந்து ஃபிளாஸ்க் மூடியில் ஊதி ஊதி ஆற்றிக் கொடுத்த அக்காவும், சூடு பார்த்துக் குடிடி என்றதும், குடித்துவிட்டு மூடியைத் துடைக்காமலே நீட்டியதும், சீரகம் ஒன்று பல்லில் மாட்டிக்கொண்டதும், எல்லாம் ஒரேயடியாக வந்து நின்றன. அக்கா செத்துவிட்டாள் என்பது அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது. செய்தி வந்து மாசக்கணக்காகிறது, பஸ் ஏறிப் போய்ப் பார்த்துவிட்டும் வந்தாயிற்று, ஆனாலும் அப்போதுதான் தெரிந்தது. அவள் கையைத் தூக்கித் தன் நெஞ்சில் வைத்து, நான் என்று காட்டினாள்.

பிறகு அழுதாள். குரல்வளை இல்லாதவளின் அழுகையில் சத்தம் இருக்காது, தோள் மட்டும் குலுங்கும். அவளும் அப்படித்தான் குலுங்கினாள், சத்தம் இலியாஸின் கையிலிருந்த பொம்மையிலிருந்து வந்தது. ராணியின் குரல் இல்லை. அந்த மூக்கால் பேசும் குரல், ஏங்கி ஏங்கி, அக்கா அக்கா என்று, மூச்சு முட்டி, கேவி, காம்பவுண்டு முழுக்கக் கேட்கும்படி. தாட்சாயணி தன் வாயைப் பொத்திக்கொண்டாள். அழுகை நிற்கவில்லை. அவள் உதட்டைப் பொருத்தவுமில்லை. இலியாஸ் பொம்மையை எங்கே வைப்பது என்று தெரியாமல், அழுகிற பிள்ளையைப் பிடிக்கிற மாதிரி இரண்டு கையாலும் நெஞ்சோடு பிடித்துக்கொண்டார்.

அது அடங்க வெகுநேரம் ஆயிற்று. இலியாஸ் பொம்மையைத் துணிமேல் வைத்துவிட்டு, இதுதான் மேடம் அந்தப் பொம்மை, இதற்கு இவ்வளவு கிடைக்கும் என்று ஒரு தொகையைச் சொன்னார். ஜன்னலில் யாரோ அதைத் திருப்பிச் சொல்லிப் பார்த்துக்கொண்டார்கள். தர்றீங்களா என்று அவர் கேட்டதும் எல்லோர் கண்ணும் பொம்மையிடம் போயிற்று. தாட்சாயணி பொம்மைக்காகக் காத்திருக்கவில்லை. தலையை இடமும் வலமும் ஆட்டிவிட்டு உள்ளே போனாள், பானையிலிருந்து ஒரு தம்ளர் மொண்டு நின்றபடியே முழுசாகக் குடித்தாள், இன்னொரு தம்ளர் மொண்டுகொண்டு வந்து இலியாஸ் முன்னால் வைத்தாள். அவர் கை உறைகளைக் கழற்றிவிட்டுக் குடித்தார். கிளம்பும்போது, இன்னும் ஒரே ஒரு தடவை அழுத்திக் கேட்டுக்கொள்ளட்டுமா, எங்கள் ஆட்களிடம் யாரென்று சொல்ல வேண்டும் என்று கேட்டார். அவள் சரியென்று தலையாட்டினாள். அவர் அவள் பெயரைக் கேட்டு, இரண்டு தடவை வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டு போனார்.

ராணியின் குரல் அதற்கப்புறம் வரவில்லை. பொம்மை இப்போதும் தாட்சாயணி நினைப்பதைத்தான் பேசுகிறது, ஆனால் தாட்சாயணியாகப் பேசுகிறது, அதனால் மின்வாரியத்தில் யாரும் பயப்படுவதில்லை, வீட்டுக்காரர் வாடகையை ஏற்றிவிட்டார், காய்க்காரர் மறுபடியும் அழுகலைத் தள்ளிவிடப் பார்க்கிறார். காம்பவுண்டு கொஞ்ச நாள் முணுமுணுத்தது, பிறகு இதற்கும் பழகியது. அவள் உதட்டைப் பொருத்துவதை விட்டுவிட்டாள். வாயை மூடிக்கொண்டே பேசுகிறாள், பேசும்போது ஜனம் பையைப் பார்க்காமல் அவள் முகத்தைப் பார்க்கிறது. சில சாயங்காலங்களில் திடீரென்று அழுகிறாள். மெர்லின் மிஷினை நிறுத்திவிட்டு வந்து பக்கத்தில் உட்காருகிறாள்.

இலியாஸ் வந்துபோன மறுநாள் காலை லாரி வந்தபோது, வரிசையில் தாட்சாயணியின் சிவப்புக் குடத்துக்குப் பக்கத்தில் ஒரு நீலக் குடமும் இருந்தது. இது யாருடையது என்று பின்னால் நின்றவர்கள் சத்தம் போட்டார்கள். பாண்டுரங்கன் குழாயைப் பிடித்து நீலக் குடத்துக்குள் விட்டபடி, யாரையும் நிமிர்ந்து பார்க்காமல் சொன்னார்.

"நேத்து எல்லாரும்தானே கேட்டீங்க. அந்தக் குரலுக்குத் தாகம் எடுக்குது."

குடம் நிரம்பியது. தாட்சாயணி ஒன்றை இடுப்பிலும் ஒன்றைக் கையிலுமாகத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள்.